செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டை

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் எனக்கு ஆபீஸ் வேலை. ஆபீஸ் வேலை என்றால் பெரும்பாலும் போன் எடுக்கிற வேலைதான். பாடி இல்லாத வெறும் சேஸிஸைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன லாரிக்காரர்கள், "பாடி முடிஞ்சுதுங்களா?" என்று கேட்பார்கள். "நாளைக்குப் பெயிண்ட் அடிச்சாச் சரிங்க, எடுத்துக்கலாமுங்க" என்பேன். அந்த நேரத்தில் சேஸிஸின் மேல் ஒரு பலகைகூட ஏறியிருக்காது. இருபத்திரண்டு வருடமாக இதே பதில். எனக்கு வாய் குழறுவதில்லை, முகமும் மாறுவதில்லை, ராத்திரி தூக்கமும் நன்றாகவே வருகிறது.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இது, நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கொடுத்த வாக்கைக் காப்பாற்றியதால் ஒரு பெரியவருக்கு இரண்டு கால்விரல் போன கதை.

அந்தப் பெரியவர் என் நண்பனின் அப்பா. நண்பனும் நானும் பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் அவன் கோழிப் பக்கம் போனான், நான் லாரிப் பக்கம் வந்தேன். எங்கள் ஊரில் இந்த இரண்டையும் விட்டால் போவதற்கு அதிக இடமில்லை. இப்போது அவன் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். கூண்டு வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே போவானாம், எங்கேயோ ஒரு கோழிக்குக் கொண்டை வெளுத்திருந்தாலும் கூண்டு நம்பரோடு சொல்லிவிடுவானாம். இதை அவனே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பல தடவை சொல்லியிருக்கிறான்.

எங்கள் இரண்டு பேருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவன் வீட்டில் அப்பாவுக்குச் சர்க்கரை, தினமும் காலையில் ஊசி. என் வீட்டில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, கால் மீண்டு, வலது கை மட்டும் இன்னும் மீளாமல் இருக்கிறது. என் மனைவி பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு பள்ளியில் விடுதி வார்டன். ஊரார் பெற்ற பிள்ளைகளை எழுப்பிக் குளிக்க விரட்டுவதற்காக விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவாள். ஆக, அம்மாவும் நானும்தான்.

காலையில் ஆறேகாலுக்கு மோகனூர் ரோட்டில், லாரி எடை போடும் மேடைக்குப் பக்கத்தில் உள்ள பேக்கரியில் நண்பனும் நானும் சந்திப்போம். அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் அது ஏறக்குறைய நடு. ஆளுக்குப் பத்து நிமிடம் புலம்பலாம். ஒருவன் புலம்பும்போது மற்றவன் டீ குடிக்க வேண்டும், 'ம்' சொல்லலாம், அறிவுரை மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த நாள் அவனுக்குப் புலம்பும் முறை கிடையாது. இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவன் நான். அவன் ஒருமுறை என் அம்மாவின் கைக்கு, கோழிக்குக் கொடுக்கும் கால்சியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததுதான் காரணம்.

புலம்புவதற்கு எங்களுக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. போர் மோட்டார் காயில் எரிந்து போனது, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் ஒரு பெண் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' என்று சொல்லிக் கடைசியில் வைத்துவிடுவது, காப்பீட்டு அட்டையில் அவன் அப்பாவை 'பெண்' என்று அச்சடித்திருப்பது, அதைத் திருத்தப் போனால் பெரியவரையே நேரில் கூட்டிவரச் சொல்வது. கூட்டிக்கொண்டும் போனான். கவுண்டரில் இருந்தவர் பெரியவரின் மீசையை நன்றாகப் பார்த்துவிட்டு, பதினைந்து நாள் ஆகும் என்றாராம்.

ஆனால் இரண்டு பேருக்கும் தினசரி இருந்த பெரிய புலம்பல் ஒன்றுதான். பெற்ற பிள்ளை சொன்னால் பெரியவர்கள் எதையும் செய்வதில்லை.

அம்மாவின் கைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். விரலை மடக்க வேண்டும், விரிக்க வேண்டும், சின்னச் சின்னப் பொருளாக ஒரு கிண்ணத்திலிருந்து எடுத்து இன்னொரு கிண்ணத்தில் போட வேண்டும். நான் கிண்ணத்தை எடுத்தாலே அம்மா கண்ணை மூடிக்கொள்வார். "நீ என்ன டாக்டருக்கா படிச்சே? போயி லாரிக்காரனுக்குப் பதில் சொல்லு போ." அவன் வீட்டில் அவன் ஊசியோடு போனால் பெரியவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எருமைக் கொட்டகைக்குப் போய்விடுவார். அவருக்கு இரண்டு எருமைகள். மருமகள் போனாலும் இதே கதைதான். மருமகள் முன்னால் வேட்டியை ஒதுக்குவதாவது என்று கூடுதலாக ஒரு காரணமும் அவரிடம் இருந்தது.

ஒருநாள் நண்பன் ஏதோ வேலையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். அம்மா மாத்திரை போட மாட்டேன் என்று நாற்காலியில் உறுதியாக உட்கார்ந்திருந்தார். நான் அரை மணி நேரமாகக் கையில் தண்ணீரோடு நின்றுகொண்டிருந்தேன். அவன் உள்ளே வந்து, "என்னுங்கம்மா, மாத்திர போட்டுக்கலீங்களா?" என்றான். அவ்வளவுதான். அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு, "இதா போட்டுக்கறஞ் சாமி, நீ உக்காரு" என்று வாங்கி விழுங்கிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரைக் கீழே போட்டிருப்பேன், சமையலறையைத் துடைப்பதும் நான்தான் என்பதால் போடவில்லை.

வீட்டுக்கு வந்தவரிடம் மாட்டேன் என்று சொல்ல எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு வாய் வராது. பெற்ற மகனிடம் எப்படி வேண்டுமானாலும் பேசலாம். வந்த ஆள் காபி வேண்டுமா என்று கேட்டாலும் சரி, கையைத் தூக்குங்கள் என்று சொன்னாலும் சரி, சங்கடத்தோடு செய்துவிடுவார்கள். மறுநாளே நான் அவன் வீட்டுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தேன். "வாங்க தம்பி" என்றார் பெரியவர். ஊசியைக் காட்டினேன். மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வேட்டியை ஒதுக்கித் தொடையைக் காட்டிவிட்டு, "காபி குடிச்சுட்டுத்தான் போகோணும்" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் நோயாளிகளை மாற்றிக்கொண்டோம். தினமும் பேக்கரியில் புலம்பி முடித்ததும் அவன் என் வீட்டுக்குப் போவான், நான் அவன் வீட்டுக்குப் போவேன். என் அம்மாவின் கையை அவன் பயிற்சி செய்ய வைத்தான், அவன் அப்பாவுக்கு நான் ஊசி போட்டேன். எனக்கு ஊசி போடத் தெரியாதுதான். அவன் மனைவி ஒரு கத்தரிக்காயைக் கொடுத்து இரண்டு நாள் பழகச் சொன்னார். இப்படி ஒன்றரை வருடம் ஓடியது. அம்மா கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்க்கும் அளவுக்கு வந்தார். அவனால்தான். எனக்கு அவன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.

கிண்ணத்தில் போட்டு எடுக்க முதலில் பாசிப்பயறு வைத்துப் பார்த்தோம், விரலுக்கு அகப்படவில்லை. அப்புறம் நண்பன் தன் வீட்டிலிருந்து புளியங்கொட்டை கொண்டுவந்தான். அவன் வீட்டில் வருடத்துக்கு வேண்டிய புளியைத் தட்டி வைப்பார்கள், கொட்டை மூட்டையாகச் சேரும். வழவழவென்று, விரலுக்குப் பதமாக, அம்மாவுக்குப் பிடித்துப்போனது. வாரத்தில் பாதியைக் கீழே சிந்துவார், அது பீரோவுக்கு அடியில் போய்விடும். அதனால் நண்பன் கொட்டையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, மறக்காமல் எடுத்துவருவதற்காகத் தன் வீட்டு நிலைக்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்திருந்தான். அந்த ஆணிக்கு நேர் கீழேதான் வீட்டில் எல்லாரும் செருப்பு விடுவார்கள். பையில் ஓட்டை இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் நான் போனபோது நண்பனின் மனைவி கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பெரியவர் என்னைப் பார்த்து, "வாங்க தம்பி, கதவச் சும்மா சாத்துங்க" என்றார். சாத்தினேன். இடது காலைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்துக் காட்டினார். கடைசி இரண்டு விரல்களுக்கு அடியில் தோல் உரிந்து, உள்ளே சிவந்து குழியாக இருந்தது. மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்து அப்பியிருந்தார்.

"என்னுங்கய்யா இது?"

இடுப்பு முடிச்சை அவிழ்த்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "நேத்துக் காலைல செருப்பு மாட்டுனனுங்க. எருமைய ஓட்டிக்கிட்டு வாய்க்கா மேட்டுக்குப் போயி, மத்தியானம் திரும்பி, சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊத்திப்போட்டு வந்து கழட்டுனா, உள்ள இது கெடக்குது. நாளு முழுக்க மிதிச்சுருக்கறன். ஒண்ணுமே தெரியலீங்க."

சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு என்றே விற்கும் மெத்தென்ற செருப்பு அது. நண்பன் சேலத்துக்குப் போய் வாங்கி வந்தது. மாட்டுவதற்கு முன்னால் உதறிப் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான். அதோடு, இன்னொரு புண் வந்தால் இரண்டு எருமையையும் பிடித்து விற்றுவிடுவேன் என்றும் சொல்லியிருந்தான். அதற்கு முந்தின வருடம் ஒரு சின்னப் புண் வந்து ஆறுவதற்குள் எல்லாருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. எருமைகளை விற்றுவிட்டால் அவருக்குக் காலையில் எழுந்திருக்கக் காரணமே இல்லை. இது அவர் சொன்னதல்ல, எனக்கே தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்றேன்.

"அடுத்த வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்க. ஆறலீன்னா நானே அவங்கிட்டச் சொல்லிக்கறன். அது வரைக்கும் நீங்க சொல்லக் கூடாது." வலது கையை நீட்டினார். "சத்தியம் பண்ணுங்க."

அந்த வயதில் ஒரு மனிதர் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவர் கேட்டதால் மட்டும் செய்தேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. அந்தக் கொட்டை யாருக்காகச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவின் விரலுக்காக அவன் சேர்த்த கொட்டை அவன் அப்பாவின் காலைக் கிழித்துவிட்டது என்பதை அவனிடம் நான் எந்த வாயால் சொல்வது? ஆறிவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். கொட்டையை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மருந்துக்கடையில் களிம்பும் பஞ்சும் வாங்கினேன். தினமும் ஊசி போட்ட கையோடு கதவைச் சாத்திவிட்டுப் புண்ணைக் கழுவிக் கட்டினேன், கட்டு வெளியே தெரியாமல் பெரியவர் அதன்மேல் சாக்ஸை மாட்டிக்கொள்வார். ஒரு பொறுப்பான ஆள் செய்கிற வேலையைச் செய்வதாகத்தான் எனக்குத் தோன்றியது. சில நாள் பெருமையாகக்கூட இருந்தது.

பேக்கரியில் நண்பன் திங்கட்கிழமை அவன் அப்பாவைப் பற்றிச் சொன்னான்: "மாப்ள, ஐயன் ரெண்டு நாளா நெம்ப அமைதியா இருக்கறாரு. என்னைத் திட்டறதே இல்ல. சர்க்கர எறங்கிப்போச்சோ?"

நான் டீ குடித்தேன்.

செவ்வாய்க்கிழமை சொன்னான்: "நேத்து நான் போட்ட சோத்த மறு பேச்சில்லாம சாப்புட்டாரு மாப்ள. எனக்குப் பயமா இருக்குது."

'ம்' என்றேன். சட்டம் அவ்வளவுதான் அனுமதித்தது. அந்தச் சட்டத்தை நான் கொண்டுவந்ததற்காக அந்த வாரம் முழுவதும் என்னையே மெச்சிக்கொண்டேன். என் முறை வந்தபோது சங்ககிரிக்காரர் ஒருவர் தன் லாரி பாடிக்காக ஒரு நாளைக்கு ஏழு தடவை போன் போடுவதைப் பற்றிப் பத்து நிமிடம் புலம்பினேன்.

புதன்கிழமை புண்ணைப் பிரித்தபோது வாடை வந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம சொல்லிக்கலாமுங்க" என்றார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தானே என்று நானும் நினைத்தேன். தினமும் முப்பது பேரிடம் 'நாளைக்கு' என்று சொல்லும் எனக்கு, இரண்டு நாள் என்பது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம், சங்ககிரிக்காரருக்கு ஆறாவது தடவை பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பனிடமிருந்து போன். "மாப்ள, ஐயனுக்குக் காய்ச்சல், ஒடம்பு அனலாக் கொதிக்குது. இவ துணிய மாத்தறப்பக் காலப் பாத்துட்டா. அழுகிப் போயிருக்குதுடா. சேலத்துக்குக் கொண்டுட்டுப் போறோம்." அவன் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். பத்தாவதில் ஃபெயில் ஆனபோதுகூட அவன் அழவில்லை. நான் அடுத்த பஸ்ஸில் கிளம்பினேன்.

அன்று சாயங்காலமே இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். நான்கு நாள் முன்னால் வந்திருந்தால் மருந்திலேயே பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நண்பன் என்னிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். "நாலு நாளு மாப்ள. ஒரே வீட்டுல இருந்துட்டு எனக்குத் தெரியலியே." நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, வேறு காரணம் ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை வார்டில் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெரியவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் கொஞ்சம் தெளிவு. நண்பன் ஃபிளாஸ்கிலிருந்து பாலை ஊற்றிக்கொண்டிருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் பெரியவர் எல்லாருக்கும் கேட்கும்படி, "இதா வந்துட்டாரு பாருங்க" என்றார். "மனுசன்னா இவருதான். சனிக்கெழமயே காலக் காட்டி, சொல்லாதீங்கன்னு சத்தியம் வாங்கிக்கிட்டன். ஆறு நாளு. பெத்த மகங்கிட்டக்கூட மூச்சு விடலியே! இந்தக் காலத்துல வாக்குக் காப்பாத்தற ஆளு எங்கீங்க இருக்கறாங்க?"

சொந்தக்காரர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் எழுந்து எனக்கு ஸ்டூலைக்கூட நகர்த்திப் போட்டார்.

நண்பன் பாலை ஊற்றி முடித்து, டம்ளரை அப்பாவின் கையில் கொடுத்து, ஃபிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு வெளியே போனான். அவன் மனைவி மட்டும் என்னிடம் வந்தார். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு மூள கீள இருக்குதுங்களா?" என்றார். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் ஒருநாளும் எனக்குக் கொடுத்த மரியாதையைக் குறைத்ததில்லை, அன்றைக்கும் குறைக்கவில்லை.

நான் கீழே இறங்கிப் போனேன். வண்டி நிறுத்தும் இடத்தில் நின்றுகொண்டிருந்தான். கையைத் தட்டிவிடுவான், அடிப்பான் என்றெல்லாம் நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பண்ணையில ஒரு கோழி தலையத் தொங்கப் போட்டாக் கூண்டு நம்பரச் சொல்லுவன்னு பெருமையா உங்கிட்டச் சொல்லீட்டு இருந்தேன்" என்றான். "தெனமும் ஆறேகாலுக்கு உம்மூஞ்சியத்தான பாத்தேன் மாப்ள. அதுலயும் எனக்கு ஒண்ணும் தெரியல பாரு." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

என் முகத்தில் எதுவும் தெரியாததற்குக் காரணம் இருபத்திரண்டு வருட அனுபவம் என்று அவனிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. நல்லவேளை, அவன் போய்விட்டான்.

அதற்கப்புறம் பதினோரு நாள் அவன் பேக்கரிக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. நான் தினமும் ஆறேகாலுக்குப் பேக்கரியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். புலம்புவதற்கு நிறைய இருந்தது. அம்மா காலையில் கிண்ணங்களை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் பக்கத்தில் போனால் கண்ணை மூடிக்கொள்வார்.

"அந்தப் புள்ள ஏன் வர்றதில்ல?"

"பண்ணையில வேலையாம்மா."

அம்மா என்னை நன்றாகப் பார்த்தார். "நீ என்ன பண்ணுனே?" என்றார். பட்டறையில் இருபத்திரண்டு வருடம் செல்லுபடியான முகம் அவரிடம் செல்லவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், கொட்டையைப் பற்றியும். அம்மா இடது கையால் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். அது கவிழ்ந்து கொட்டை எல்லாம் பீரோவுக்கு அடியில் போனது. "அத அள்ளிக் குப்பையில போட்டுட்டு, போயி அந்தப் புள்ளகிட்டச் சொல்லு" என்றார்.

நான் போவதற்குள் அவனே வந்தான். மறுநாள் காலை ஏழு மணிக்கு, கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்க்கவில்லை. நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்து, பையிலிருந்து மக்காச்சோளத்தை எடுத்துக் கிண்ணத்தில் கொட்டினான். கோழித் தீவனத்துக்கு வந்த சோளம். "இனி இதுல பண்ணுங்கம்மா" என்றான். அம்மா மடியில் இருந்த கையை எடுத்து மேசைமேல் வைத்தார். அரை மணி நேரம் எடுத்துப் போட்டார். நான் சுவரோரமாக நின்றேன்.

முடிந்ததும் அவன் எழுந்தான். நான் சட்டைப் பையிலிருந்து கொட்டையை எடுத்து நீட்டினேன். அவன் அதைத் தொடவில்லை.

"இதுவும் தெரியும்" என்றான். "ஐயன் சொன்னாரு. பையப் பாத்தேன், ஓட்டையா இருந்துச்சு. ஆணி அடிச்சவன் நானு. கொட்டையப் போட்டவன் நானு. உன்னய மட்டும் எப்பிடி மாப்ள நாந் திட்டறது?" சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "திட்டத்தான் போறேன். அது வேற."

"திட்டு" என்றேன்.

"ஐயனுக்குக் கட்டு மாத்தோணும். என்னையத் தொட உடமாட்டேங்கறாரு. நீ ஏன் வர்றதில்லன்னு கேக்கறாரு." கதவு வரை போய்த் திரும்பினான். "இனிமே அவரு சத்தியம் கேட்டா என்ன பண்ணுவே?"

"பண்ணமாட்டேன்."

"அட கிறுக்கா, பண்ணு. பண்ணாட்டி அப்புறம் உங்கிட்டயும் காலக் காட்டமாட்டாரு. பண்ணிப்போட்டு எனக்குச் சொல்லு."

அது அறிவுரைதான். சட்டப்படி மறுநாள் அவனுக்குப் புலம்பும் முறை கிடையாது. ஆனால் மறுநாள் அவன் பேக்கரிக்கு வந்து இருபது நிமிடமும் அவனே பேசினான். முழுக்க என்னைத் திட்டுவதுதான். பேக்கரிக்காரர் டீயை வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். கேட்டுக்கொண்டே இருந்தேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாக மூச்சு விட்டேன்.

பெரியவருக்குப் புண் ஆறி, வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்தார். எருமைகளை நண்பன் விற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் கேட்டது எருமைகளைத்தான் என்பதால் அவனுக்கு மனம் வரவில்லை. வேலியோரம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம், மேய்க்கக் கூடாது என்று ஏற்பாடு. என்னைப் பார்த்தால் முன்னைவிட உபசாரம் அதிகம். வருகிறவர்களிடமெல்லாம் என்னைக் காட்டி, வாக்குக் காப்பாற்றிய கதையைச் சொல்வார். நண்பன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். அந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்காவது ஓடிவிடலாம்போல் இருக்கும்.

நான்கு மாதம் கழித்து ஒருநாள் காலையில், "வாங்க தம்பி, கதவச் சும்மா சாத்துங்க" என்றார்.

சாத்தினேன். வலது காலைத் தூக்கிக் கட்டிலின்மேல் வைத்தார். பெருவிரலின் ஓரத்தில் ஒரு கொப்புளம், மிளகளவு. எருமை மிதித்ததாம். யாருக்கும் தெரியாமல் வேலியைத் தாண்டி அவிழ்க்கப் போயிருக்கிறார். "இது ஒண்ணுமில்லீங்க. ரெண்டு நாள்ல வத்திப்போகும். அவங்கிட்டச் சொன்னா எருமைய வித்துப்போடுவான்." வலது கையை நீட்டினார். "உங்களுக்குச் சொல்லோணுமா? நீங்க வாக்குத் தவறாத ஆளு."

அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கண்ணைப் பார்த்தே செய்தேன். முகம் மாறவில்லை. ஊசி போட்டு, காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே வந்தேன். செருப்பை மாட்டுவதற்கு முன்னால் போனை எடுத்துவிட்டேன். அவன் "சொல்லு மாப்ள" என்றான். "வலது கால் பெருவிரலு. இப்பவே கெளம்பு" என்றேன்.

மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி, ஊசி, மருந்து, கட்டு. ஒன்பது நாளில் ஆறிவிட்டது. அந்த வாரமே இரண்டு எருமையும் வண்டி ஏறிப் போய்விட்டன. அவன் விற்றான், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரியவர் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. நான் கொஞ்சம் அழுதேன்.

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசுவதில்லை. வருகிறவர்களிடம் என் கதையைச் சொல்வதும் நின்றுவிட்டது. ஆனாலும் நான் தினமும் போகிறேன். நான் உள்ளே நுழைந்ததும் "வாங்க" என்கிறார். வீட்டுக்கு வந்தவரை அப்படிச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. 'தம்பி' மட்டும் இல்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, இரண்டு காலையும் என் பக்கமாக நீட்டுகிறார். எட்டு விரல் இருக்கிறது. ஒவ்வொன்றாக விலக்கி, தினமும் எண்ணிப் பார்க்கிறேன்.